பொட்டும் துருவும்

துரு! ஈரெழுத்துச் சொல்தான். ஆனால் இரும்பையே தின்று தீர்க்கும் ஆற்றல் அதற்கு உண்டு. சம்மட்டிக்குச் சாயாத இரும்பு, பாரத்துக்குப் பணியாத இரும்பு, காற்றிலே கலந்துள்ள உயிர்வளியும் கடுகளவு ஈரமும் கைகோத்து வந்துவிட்டால், செதில் செதிலாக உதிர்ந்து செம்மண்ணாகிப் போகிறது. ஆரவாரம் இல்லை, அறைகூவல் இல்லை, அரவமின்றி வந்து அரித்துவிடும் பகை அது!

அந்தப் பகையோடு நம் வீட்டுக் கொல்லைப்புறக் கொட்டகையில் ஆறு திங்கள் நாம் நடத்திய போராட்டத்தின் கதையைத் தோழர்களுக்குச் சொல்ல விழைகிறோம். எட்டடிக்குப் பத்தடி இடம். மேலே தகரக் கூரை. உள்ளே ஒரு மரமேசை. ஆறு அரங்கள், இரண்டு சுத்தியல்கள், ஒரு குறடு, இரும்பறுக்கும் வாள் ஒன்று. இவ்வளவே நம் பட்டறை. பகலெல்லாம் அலுவலகத்தில் கோப்புகளோடு காலந்தள்ளும் நாம், மாலை வேளைகளில் அங்கே போய் நிற்போம். இரும்பு பிடித்தவன் கையும் சிரங்கு பிடித்தவன் கையும் சும்மா இராது என்று நாட்டுப்புறத்தார் நகையாடுவர். உண்மைதான்! கோவை உக்கடத்துப் பழைய இரும்புக் கடைகளிலே, துருவேறிய அரத்தையும் முனை மழுங்கிய உளியையும் எடைபோட்டு வாங்கி வந்து, துலக்கித் தீட்டிப் பார்த்து மகிழும் பித்து நம்மைப் பிடித்து நெடுநாளாகிறது. ஆனால் இங்கே சொல்லப்போவது எடைக்கு வாங்கிய பொருளைப் பற்றியன்று.

அது நம் தந்தையாரின் வைசு. மேசையோரத்தில் பூட்டி, வேலைக்குரிய இரும்பை இரண்டு தாடைகளுக்கிடையே இறுகப் பற்றிக்கொள்ளச் செய்யும் பிடி. பட்டறைக்காரனுக்கு அது மூன்றாவது கை. 1972-இல், பழைய சாமான் விற்பவர் ஒருவரிடம், பல மாதக் கூலியில் மிச்சம்பிடித்து அவர் வாங்கியது. ஷெஃபீல்டு என்ற ஊர்ப்பெயர் அதன் உடலிலே புடைப்பாக வார்க்கப்பட்டிருந்தது. 2003-இல் தந்தையார் மறைந்தார். வைசு, வீட்டின் பின்கட்டு மூலைக்குப் போயிற்று.

மறந்துவிட்டோம் என்று எண்ணாதீர்கள்! ஆண்டுக்கொருமுறை, ஆயுத பூசை நாளன்று, நம் அன்னையார் அதைக் கழுவுவார், ஈரச் சந்தனத்தை அள்ளித் தாடைகளில் அப்புவார், நடுவே குங்குமம் வைப்பார், பூவும் சூட்டுவார். இருபது ஆண்டுகளுக்கு மேல் இந்த மரியாதை தவறியதில்லை. தவறிப்போனது ஒன்றே ஒன்று. ஒரு துளி எண்ணெய்! கழுவிய நீர் திருகின் புரிக்குள் தங்கிற்று. அப்பிய சந்தனம் ஈரத்தைத் தாங்கி நின்றது. பொட்டு வைத்த இடத்தில் எல்லாம் வட்டம் வட்டமாகத் துரு. வணக்கம் வளர வளரக் கருவி செத்துக்கொண்டிருந்தது!

இதைப் படிக்கும் இளந்தோழர் கைதட்டத் துடிப்பார். 'பார்த்தீரா மூடநம்பிக்கையின் விளைவை!' என்பார். பொறுங்கள், தோழரே! அன்னையார் பொட்டு வைத்தார். பகுத்தறிவு பேசும் நாம் என்ன செய்தோம்? ஆண்டுதோறும் அந்தப் பொட்டைக் கண்டு நகைத்தோம். நண்பர்களிடம் சொல்லிச் சிரித்தோம். எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்தோமா? இல்லை! அவருடைய அறியாமையில் அன்பாவது இருந்தது. நம்முடைய அறிவில் அதுகூட இல்லை. நகைப்பும் துருவைத் தடுக்காது என்பதை அந்த இரும்பே நமக்குக் கற்பித்தது.

தந்தையார் பிறந்தது கொல்லுலைக் குடும்பத்தில், 1944-இல். 1953-ஆம் ஆண்டில், சென்னை மாநிலத்தின் கிராமத் தொடக்கப் பள்ளிகளிலே புதிய திட்டம் ஒன்று புகுத்தப்பட்டது. நாளொன்றுக்கு மூன்று மணிநேரம் பள்ளி; எஞ்சிய பொழுதில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழக வேண்டும். குலக்கல்வித் திட்டம் என்று நாடே கொதித்தெழுந்தது. 1954-இல் காமராசர் முதலமைச்சரான பின் அத்திட்டம் கைவிடப்பட்டது. வரலாற்று நூல் அத்துடன் முற்றுப்புள்ளி வைக்கும். வாழ்க்கை அப்படி வைப்பதில்லையே! ஒன்பது வயதுச் சிறுவன் துருத்தி ஊதப் பழகிவிட்டான். வீட்டிலே வறுமை, பாட்டனாருக்கோ அந்தச் சின்னக் கைகள் வேலைக்குத் தேவைப்பட்டன. திட்டம் போயிற்று, சிறுவன் பள்ளிக்குத் திரும்பவில்லை.

பதினெட்டு வயதில் அவர் கோவைக்கு வந்து, பம்பு செய்யும் பட்டறை ஒன்றில் சேர்ந்து, இறுதிவரை அரமும் கையுமாக வாழ்ந்தார். எழுத்துக்கூட்டிப் படிப்பார். ஆனால் ஓர் இரும்புத் துண்டின் விளிம்பை விரலால் தடவி, 'இந்த மூலையில் ஒரு மயிரிழை உயரம்' என்பார். அளந்து பார்த்தால் அப்படியே இருக்கும்! இத்தகைய கைகள் நம்மை மட்டும் கருவியைத் தொட விட்டதில்லை. சிறுவயதில் ஒருநாள் அவருடைய சுத்தியலை எடுத்தோம். பிடுங்கிக்கொண்டார். 'உனக்குப் பேனா, கண்ணு. இது என்னோடு போகட்டும்' என்றார். இடக்காது கேளாமற் போனவர், கட்டைவிரல் நகத்தை இழந்தவர் சொன்ன சொல் அது. தொழிலின் பெருமையை மேடையிலே பாடுவோர் பலர். தொழிலாளியின் காதை உற்றுப் பார்த்தவர் சிலரே.

அவர் விருப்பப்படியே படித்தோம். 1987-இல் கல்லூரி விண்ணப்பத்தில் 'தந்தையின் தொழில்' என்றொரு கட்டம் இருந்தது. 'வணிகம்' என்று எழுதினோம்! ஏன் எழுதினோம்? பிட்டர் என்று எழுதினால் எந்தக் கதவும் மூடிவிடாது. ஆயினும் எழுதக் கூசிற்று கை. கையெழுத்திட வேண்டித் தாளைத் தந்தையாரிடம் நீட்டினோம். விரலை வைத்து எழுத்துக்கூட்டிப் படித்தார். அந்தக் கட்டத்திலே விரல் ஒரு கணம் நின்றது. பின் நகர்ந்தது. கையெழுத்திட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தார். ஒரு சொல் சொல்லவில்லை. அந்த விரல் நின்ற கணம் இன்றுவரை நம் நெஞ்சிலே நிற்கிறது.

ஆகவேதான் சென்ற ஆண்டு, வைசைப் பழுது பார்க்க எண்ணினோம். அன்னையார் அஞ்சினார். 'அப்பா கை பட்ட பொருள். பிரித்துப் போட்டுவிடாதே' என்றார். பிரிக்காமல் மீட்க முடியாது என்று விளக்கினோம். அரைமனத்தோடு இசைந்தார்.

முதல் நாளே தோற்றோம். திருகு அசையவில்லை. சினங்கொண்டு பெரிய சுத்தியலால் ஓங்கி அடித்தோம். வைசின் உடல் வார்ப்பிரும்பு. நூற்றுக்கு 2 முதல் 4 பங்கு வரை கரி கலந்தது அது. அழுத்தத்தைத் தாங்கும், அடியைத் தாங்காது. மூலையொன்று 'பட்'டென்று உடைந்து தெறித்தது. அன்னையார் வாயிலிலே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனார். ஆத்திரம் அறிவை வென்றதன் அடையாளமாக அந்த வடு இன்றும் இருக்கிறது. ஒட்டுப் போட்டு மறைக்க நாம் விரும்பவில்லை.

அடியை விட்டு அறிவைத் துணைக்கழைத்தோம். மண்ணெண்ணெயும் மெல்லிய எண்ணெயும் கலந்து, புரிகளின் வாயிலே காலையும் மாலையும் சொட்டுச் சொட்டாக விட்டோம். மரச் சுத்தியலால் மெல்லத் தட்டினோம். பத்து நாள்! பதினோராம் நாள், திருகு ஒரு மயிரிழை திரும்பிற்று. அன்று நாம் அடைந்த மகிழ்ச்சியை எழுத்தில் வடிக்க இயலாது.

பிரித்த பாகங்களை மின்பகுப்பு முறையில் துலக்கினோம். பிளாஸ்டிக் தொட்டியில் நீர். ஐந்து லிட்டருக்கு ஒரு பெரிய கரண்டி சலவைச் சோடா. 12 வோல்ட்டு மின்கல ஊட்டி ஒன்று. துருவேறிய பொருளை எதிர்மின் முனையில் கட்ட வேண்டும். வேண்டாத இரும்புத் தகட்டை நேர்மின் முனையில். இரண்டும் ஒன்றையொன்று தொடலாகாது. மின்சாரம் பாய்ந்ததும் கருவியிலிருந்து குமிழிகள் எழும். அது ஹைட்ரஜன் வளி, தீப்பற்றும். ஆகவே திறந்த வெளியில்தான் செய்ய வேண்டும். வீட்டிலுள்ள எவர்சில்வர்த் தட்டை எடுத்து மாட்டிவிடாதீர்கள். அதிலுள்ள குரோமியம் நஞ்சாகி நீரிலே கலக்கும். ஓரிரவு கழிந்ததும் துரு கருஞ்சேறாகிக் கழன்று வரும். தேய்த்துக் கழுவி, உடனே உலர்த்தி, எண்ணெய் பூச வேண்டும். நல்ல இரும்பு ஒரு துளியும் தேயாது. தேய்வதெல்லாம் மறுமுனையிலே தொங்கும் தகடுதான். ஒன்று மீள்வதற்காக ஒன்று தேய்கிறது. துருத்தி ஊதிய சிறுவனை நினைத்துக்கொண்டோம்.

இந்த வேளையிலேதான் நம் பட்டறைக்கு ஒரு துணை வந்து சேர்ந்தது. அடுத்த தெருப் பெண், பதினாறு வயது, பத்தாம் வகுப்பு முடித்தவள். அவள் தந்தை மாநகராட்சியில் தூய்மைப் பணியாளர். தொட்டியில் குமிழி எழுவதைக் கண்டு நின்றவள், 'ஏன் மாமா கொதிக்கிறது? கீழே நெருப்பில்லையே!' என்றாள். விளக்கினோம். மறுநாளும் வந்தாள். மூன்றாம் நாள் அரத்தைக் கையில் கொடுத்தோம். முன்னே தள்ளும்போதுதான் அரம் அறுக்கும். பின்னே இழுக்கும்போது அழுத்தினால் பல் மழுங்கும். நாம் ஒரு திங்களில் கற்றதை அவள் ஒரு மாலையில் பற்றிக்கொண்டாள். எந்தக் குலத்திலே பிறந்தாள் என்று அரம் கேட்கவில்லை. ஆணா பெண்ணா என்றும் கேட்கவில்லை. கோணம் சரியா என்று மட்டுமே கேட்டது!

தாடையில் இரண்டு திருகாணிகள் இல்லை. கடையிலே 8 மில்லிமீட்டர் ஆணி வாங்கி வந்து பொருத்தினோம். இரண்டு சுற்று எளிதாகப் போயிற்று; மூன்றாம் சுற்றில் சிக்கிக்கொண்டது. 'அழுத்தித் திருப்பட்டுமா?' என்று கேட்டாள். உடைந்த மூலையைக் காட்டினோம், சிரித்தாள். அளந்து பார்த்தோம். அந்தத் துளை ஓர் அங்குலத்தில் பதினாறில் ஐந்து பங்கு. அங்குலத்துக்கு 18 புரிகள். ஜோசப் விட்வொர்த் என்னும் ஆங்கிலேயப் பொறியாளர் 1841-இல் வகுத்த அளவு. அதில் புரியின் கோணம் 55 பாகை; மெட்ரிக் முறையிலோ 60 பாகை. அவருக்கு முன் பட்டறைக்கொரு புரியாக இருந்தது. ஒரு பட்டறையின் திருகு மறு பட்டறையின் மரையில் ஏறாது. பொது அளவு ஒன்று வந்த பிறகே, எங்கோ செய்த உறுப்பு எங்கோ பொருந்திற்று. தொழில்நுணுக்கம் ஒருவர் கைக்குள் மறைந்திருந்த நிலை மாறி, எவரும் கற்று எவரும் செய்யலாம் என்ற நிலை பிறந்தது. பழைய அளவில் புரி வெட்டும் கருவியை உக்கடத்திலேயே தேடிப் பிடித்தோம். ஆணிகளை அவளே வெட்டினாள்.

இன்னொரு மாலை, தேய்ந்த அரம் ஒன்றை உளியாக்கினோம். கரியடுப்பில் செந்நிறமாகக் காய்ச்சி, காந்தத்தைக் காட்டினால் ஒட்டாது. ஏறத்தாழ 770 பாகை செல்சியசில் இரும்பு தன் காந்த இயல்பை இழந்துவிடும். அந்தப் பதத்தைச் சற்றே கடந்ததும் எண்ணெயில் தோய்த்தால் எஃகு கண்ணாடிபோல் கடினமாகும். கண்ணாடிபோல் உடையவும் செய்யும். மறுபடி மெல்லக் காட்டினால், துலக்கிய முகத்திலே வைக்கோல் நிறம் படரும்; 230 பாகை அளவில் அது தோன்றும். அப்போது எடுத்துவிட வேண்டும். 'மந்திரம் போல இருக்கிறது' என்றாள் அவள். மந்திரம் அன்று; எஃகின் மேல் படரும் மெல்லிய ஆக்சைடு ஏட்டின் கனம் மாற மாற, ஒளி வெவ்வேறு நிறம் காட்டுகிறது. அதைக் கண்ணாலேயே அறிந்தவர் நம் தந்தையார். ஏன் என்று அவருக்கு எவரும் சொன்னதில்லை. ஏன் என்று அறிந்திருந்த நமக்கோ, எப்படி என்று தெரியாமலிருந்தது. ஒரே வீட்டில், ஒரே கூரையின்கீழ், அறிவு இரண்டு துண்டாகிக் கிடந்தது!

நம் வீட்டின் கதை மட்டுமா இது? நாட்டின் கதையும் இதுவே அன்றோ! சென்னிமலைக்கு அருகே, நொய்யல் ஆற்றங்கரையிலுள்ள கொடுமணலில், இரும்பு உருக்கிய உலைகளின் தடயங்களை அகழாய்வாளர் கண்டனர். கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022-இல் அறிவிக்கப்பட்டது. தென்னாட்டு எஃகு கடல் கடந்து சென்று புகழ் பெற்றது. சென்றதன் பின் நடந்ததென்ன? 1819-ஆம் ஆண்டளவில், இலண்டன் மாநகரிலே, அந்த எஃகின் கமுக்கத்தை அறிய ஆய்வு செய்தவர்களுள் ஒருவர் மைக்கேல் பாரடே. அவர் யார்? ஒரு கொல்லரின் மகன்! புத்தகம் கட்டும் தொழிலாளியாக இருந்து, கட்டவந்த நூல்களைப் படித்தே அறிவு பெற்றவர். அங்கே கொல்லரின் மகன் ஆய்வுக்கூடத்துக்குள் புகுந்தான். இங்கேயோ, எஃகைச் செய்தவன் எழுத்தறியான். எழுத்தறிந்தவன் எஃகைத் தொடான். கை அறிந்ததை ஏடு அறியவில்லை. ஏடு அறிந்ததைக் கை அறியவில்லை. பிறப்பென்னும் சுவர் நடுவே நின்றது. கைகள் மாண்டபோது கலையும் மாண்டது. பழம்பெருமை என்பதும் ஒருவகைப் பொட்டுத்தான், தோழர்களே! வைத்துவிட்டு வணங்கினால் போதாது.

அந்தச் சுவரை இடித்துக் காட்டியவர்களும் இந்த மண்ணிலே உண்டு. கோவையின் ஜி. டி. நாயுடு (1893–1974) கல்லூரி வாயிலை மிதிக்காதவர். மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கி, பிரித்துப் பூட்டிப் பிரித்துப் பூட்டிப் பொறியியல் கற்றவர். அவர் பிறந்தது உலைக்களத்தில் அன்று, உழவர் குடியில். விரும்பிக் கற்றார், வென்றார்.

'அப்படியானால் குலத்தொழிலுக்கே திரும்பிவிட்டீரா?' என்று நண்பரொருவர் கேட்டார். நல்ல கேள்வி. நாமும் நம்மைக் கேட்டுக்கொண்டோம். களைத்தால் கொட்டகையைப் பூட்டிவிட்டு உறங்கப் போகிறோம். தந்தையாரால் அப்படிப் போக முடிந்ததா? அவர் அரம் பிடித்தது அடுப்பெரிய. நாம் பிடிப்பது அகம் மகிழ. நம் கையிலுள்ள ஓய்வே அவர் காதை விற்று வாங்கித் தந்ததுதான். இதை மறந்து உழைப்பின் இன்பம் பற்றி நாம் பாடினால் அது பொய்ப்பாட்டு. ஆனால் ஒன்று தெளிவு. அவர் வெறுத்தது இரும்பையன்று. வேறு வழி இல்லாமையை. பிறப்பினால் கட்டப்பட்ட கை விலங்கிட்ட கை. விருப்பினால் நீட்டப்பட்ட கை விடுதலை பெற்ற கை. இரண்டும் ஒரே சுத்தியலைத்தான் பிடிக்கின்றன. எனினும் இரண்டும் ஒன்றல்ல!

சென்ற சூன் திங்களில், அந்தப் பெண் அரசினர் தொழிற்பயிற்சி நிலையத்தில் பிட்டர் பிரிவில் சேர விரும்பினாள். அவள் அத்தை தடுத்தார்: 'பெண்பிள்ளைக்கு அரம் எதற்கு?' தந்தை நம் கொட்டகைக்கு வந்தார். மகள் வெட்டிய திருகாணியை விரலிடுக்கில் வைத்து உருட்டிப் பார்த்தார். 'நீயா செய்தாய்?' என்று ஒரே கேள்வி கேட்டார். இசைந்தார். விண்ணப்பத்தை நம் மரமேசையில் வைத்தே நிரப்பினாள். 'தந்தையின் தொழில்' என்ற கட்டம் வந்தது. நம் மூச்சு ஒரு கணம் நின்றது. அவள் கை நிற்கவில்லை. 'தூய்மைப் பணியாளர்' என்று தெளிவாக எழுதிவிட்டு, அடுத்த கட்டத்துக்குப் போனாள்.

நாற்பது ஆண்டுகளாக நம்முள் ஏறியிருந்த துரு ஒன்று அன்று சற்றே உதிர்ந்தது.

ஆயுத பூசை நாள் வந்தது. அன்னையார் சந்தனக் கிண்ணத்தோடு கொட்டகைக்கு வந்தார். வைசு ஒளிவீசி நின்றது. கைப்பிடியை ஒரு விரலால் தள்ளினால் சுழன்றது. உடைந்த மூலையைத் தடவினார். நாம் வாய் திறக்கவில்லை, நகைக்கவும் இல்லை. சிறிது நேரம் பேசாமல் நின்றவர், அந்தப் பெண்ணை நோக்கி, 'எண்ணெய்க் குப்பி எங்கே இருக்கிறது, கண்ணு?' என்றார். எடுத்துக் கொடுத்தாள். 'திருகின் மேலே விடுங்கள், ஆத்தா' என்று இடத்தையும் காட்டினாள். நடுங்கும் கையால் அன்னையார் ஒரு துளி விட்டார். சந்தனத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய், தந்தையாரின் படத்துக்கு வைத்தார்.

உங்கள் வீட்டுப் பரணிலும் ஏதோவொரு கருவி கிடக்கும், தோழர்களே! பாட்டனின் உளியோ, தந்தையின் அரமோ, அன்னையின் அரிவாள்மணையோ. அதை வணங்கவும் வேண்டாம். கண்டு நகைக்கவும் வேண்டாம். கீழே இறக்குங்கள், துடையுங்கள், எண்ணெய் இடுங்கள். பின்னர், கற்க விரும்பும் கை எதுவாயினும், அந்தக் கையிலே அதைக் கொடுங்கள்!